சொட்டு மோடு: புகார் இல்லை

நவம்பர் 9, 2009. திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. ஏழு மணிக்கு விட்டது. ஏழரைக்கு மறுபடி. ரெயின்கோட்டில் வலது தோள் கிழிசல். டேப் ஒட்டினேன், பத்து நிமிஷம் தாங்கியது.

பாக்கி: காஸ் புக்கிங். மகள் ஜெனிக்கு கிராஃப் நோட்டு. பூட்ஸுக்குள் திணிக்கப் பழைய பேப்பர்.

மனசு சரியில்லை. என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் எனக்கே குழம்பிவிடும்.

எங்கள் ஷெட் செங்கல்பட்டு பைபாஸ் ஓரம். வேலை, வண்டி ஓட்டுவது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று மலை, மணல், ஹைவே எல்லாம் போகிற மாதிரி ஒரு பெரிய டூரிங் பைக் செய்கிறது. இன்னும் ஷோரூமுக்கு வரவில்லை. அதை ஓட்டித் தேய்த்துப் பார்க்கிற காண்ட்ராக்ட் எங்கள் முதலாளிக்கு. காலையில் ஒரு சுற்று, மதியம் ஒரு சுற்று. திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து ஈ.சி.ஆரில் தெற்கே கல்பாக்கம், கூவத்தூர், பிறகு செய்யூர், அச்சரப்பாக்கம், ஜி.எஸ்.டி. ரோடு, திரும்ப ஷெட். எந்தக் குழி எந்த வாரம் வந்தது என்று தேதியோடு சொல்வேன். பெருமைப்பட அதுதான் இருக்கிறது.

வண்டியில் மூன்று மோடு. இடது கட்டைவிரலடியில் ஒரு பட்டன். அமுக்க அமுக்கத் திரையில் படம் மாறும். கோடு தெரிந்தால் ரோடு. சொட்டு தெரிந்தால் மழை. மேடு தெரிந்தால் மண். ஷெட்டில் யாரும் மழை மோடு என்று நீட்டிச் சொல்வதில்லை, சொட்டு என்றால் போதும். சொட்டில் போட்டால் எஞ்சின் அடக்க ஒடுக்கமாகிவிடும். எவ்வளவு முறுக்கினாலும் நிதானமாகத்தான் போகும். ஈரத்தில் சக்கரம் வழுக்கக் கூடாது என்பதற்காக.

அதனாலேயே சொட்டில் ஒரு சுற்று போனால் அரை மணி நேரம் கூட. சாப்பாட்டு வேளை போய்விடும்.

ஆகஸ்ட்டில் கமலக்கண்ணன் அண்ணன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். (எழுதக் கை வலிக்கிறது, இனி க.) என்னோடு ஓட்டுகிற இன்னொரு ஆள் அவர்தான். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். வழி இதுதான்: கேட்டில் சொட்டு. திருக்கழுக்குன்றம் ரோட்டில் முதல் வளைவு தாண்டியதும் கோடு. திரும்பும்போது பைபாஸ் பாலத்தடியில் மறுபடி சொட்டு. வண்டியின் பின்னால் இருக்கிற பெட்டி வேகத்தையும் தூரத்தையும் மட்டும்தான் பதிவு செய்யும். மோடு அதற்குத் தெரியாது. அதை நாங்கள்தான் தாளில் எழுதுகிறோம். "மோடு: மழை. புகார்: இல்லை."

"வூட்டுக்குள்ள போவசொல்ல செருப்ப கயட்டி வுட மாட்டியா? அது மாரி தான் நைனா" என்றார். நானும் சிரித்தேன். மூன்று மாதமாகச் சொட்டுத் தாள் ஒன்று விடாமல் அப்படியே. அது தப்பு என்று எனக்கு ஒரு நாளும் உறுத்தவில்லை. அதையும் எழுதிவைக்கிறேன்.

இன்று காலை ரேவதி மேடம் இருவரையும் கூப்பிட்டார். டெஸ்டிங் எஞ்சினியர். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர், ஈ.சி.ஆர். எங்களுக்குச் சமமாகத் தெரியும். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், இவருக்கு இறங்கும்.

"கம்பெனிலேருந்து ஒரே கேள்வி கேட்டிருக்காங்க. வாங்கினவர் சாவி போட்டதும் வண்டி எந்த மோட்ல வரணும்? வெள்ளிக்கிழமை பதினோரு மணி மீட்டிங்ல நான் பதில் சொல்லணும். தாளைப் பாத்தா ரோடு மோட்ல ஏகப்பட்ட புகார். மழை மோட்ல ஒண்ணுகூட இல்ல. அப்ப மழைதான். ஆனா கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆகவே இந்த வாரம் முழுக்க காரில் பின்னாலேயே வருகிறார். கேட்டில் திரையைப் பார்க்கிறார். மாமல்லபுரத்தில் டீக்கு நிறுத்தினால் அங்கேயும் பார்க்கிறார்.

அப்படித்தான் இன்று முதல்முறையாக ஒரு சுற்று முழுக்கச் சொட்டில் ஓட்டினேன்.

கூவத்தூருக்கு முன்னால். எனக்கு முன்னே ஷேர் ஆட்டோ, எதிரே லாரி. ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டேன். லாரி போனது. முறுக்கினேன். ஒன்றுமே இல்லை. எஞ்சின் ஓடுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம். அப்புறம் ஒன்றும் நடக்காதது போல இழுத்தது. 

செய்யூர் வரை ஏழு தடவை செய்து பார்த்தேன். முழுக்க விட்டு முறுக்கினால் நான்கு தடவை அதே செத்த இடம். கோடு மோடில் இது ஒருபோதும் கிடையாது. சொட்டில் மட்டும்.

ஷெட்டில் தாள். மேடம் ஒரு பக்கம், க. ஒரு பக்கம். என் கை தானாக "புகார்: இல்லை" என்று எழுதிவிட்டது. மூன்று மாதப் பழக்கம். எழுதி முடித்த பிறகுதான் படித்தேன்.

டீக்கடையில் க.விடம் சொன்னேன்.

"சொட்டு அப்டித் தான் கீது. புச்சா ஓட்றல்ல, அதான் ஒனக்குப் பெர்சா தெரியுது."

"புச்சு இல்லண்ணா. வண்டி ரெண்டு எண்ற வரிக்கும் செத்துப் போவுது."

"இப்போ இத்த சொன்னா இன்னா ஆவும்? இத்தினி நாளு ஏன் எய்தலன்னு கேப்பாங்க. மூணு மாச தாளையும் நோண்டுவாங்க. பிராஜெக்ட் முடிஞ்சா ரெண்டு பேரையும் பர்மனன்ட் பண்றேன்னு மொதலாளி வாய்வுட்டு சொல்லிக்கிறாரு. எனுக்கு முட்டி போய்ட்ச்சு நைனா. வேற எவன் என்னிய எடுப்பான்? வெள்ளிக்கெழம வரிக்கும் வாய மூடிக்கினு இரு."

டீக்கு அவரே காசு கொடுத்தார். அது வழக்கமாக நடக்காத விஷயம்.

நவம்பர் 10. செவ்வாய்

பள்ளிக்கூடம் லீவு. ஜெனிக்குக் கொண்டாட்டம். கிராஃப் நோட்டு இனி தேவையில்லையாம், டீச்சர் வரும்போது பார்த்துக்கொள்ளலாமாம்.

பூட்ஸ் காயவில்லை. காஸ் இன்னும் புக் பண்ணவில்லை, லைன் கிடைக்கவில்லை.

இரண்டு சுற்று. சொட்டு. ஆக்ஸிலேட்டரை முழுக்க விடாமலே ஓட்டினேன், கொஞ்சம் பிடித்துக்கொண்டே பிரேக் போட்டு. அப்படி ஓட்டினால் செத்த இடம் வருவதே இல்லை. மணிக்கட்டு விண்விண் என்று வலிக்கிறது. மேடம் மாமல்லபுரத்தில், "ரொம்ப ஸ்மூத்தா ஓட்றீங்க ஆண்டனி" என்றார். நன்றி மேடம் என்றேன். வேறென்ன சொல்ல.

செய்யூர் ரோட்டில் நடவு. அப்பா கூலிக்கு நட்ட வயல் வழியாகத்தான் தினமும் போகிறேன். வீட்டில் மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் நான். அதை நினைத்தால் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்கிறது.

சாயங்காலம் மனைவி ஸ்டெல்லாவிடம் எல்லாம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க விடாம புடிச்சிக்கினு ஓட்டிட்டீங்க. காசு குடுத்து வாங்குறவனுக்கு அது எப்டித் தெரியும்?"

"தெரியாது."

"பின்னாடி பொண்டாட்டி, புள்ளைய உக்கார வெச்சிக்கினு போவான். சாவி போட்டா சொட்டு தான் வரும்."

"ஆமா."

"இன்னா ஆமா?"

 கறிவேப்பிலை வாங்கப் போய்விட்டேன். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது.

சொன்னால்: என் வேலை, க. வேலை, பர்மனன்ட், முதலாளியின் காண்ட்ராக்ட், எல்லாம் போகும்.
சொல்லாவிட்டால்: யாரோ ஒருவன், எங்கேயோ, லாரிக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு.

எழுதிப் பார்த்தால் இரண்டாவது சின்னதாகத் தெரிகிறது. முகம் தெரியாததால்தான்.

வியாழக்கிழமை க.வையும் இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிடுவது. இரண்டு பேராகப் போனால் பாதி திட்டுதான். முடிவு.

நவம்பர் 11. புதன்

வியாழன் வரை காத்திருந்திருக்கக் கூடாது.

காலைச் சுற்று. தூறல். முன்னால் க., இருபது மீட்டர் பின்னால் நான். புதுப்பட்டினத்தில் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ்கள் வரிசையாகத் திரும்ப, மேடம் கார் மாட்டிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் தாண்டிவிட்டோம்.

பாலாற்றுப் பாலம் இறங்கி ஒரு கிலோமீட்டர். சவுக்குக் கட்டை ஏற்றிய டிராக்டர். க. வலப்பக்கம் ஏறினார். எதிரே ஒரு வேன் வர, ஆக்ஸிலேட்டரை விட்டார். வேன்காரன் ஓரம் ஒதுங்கி வழி கொடுத்தான். க. முறுக்கினார். பின்னால் வந்த எனக்கே தெரிந்தது, கை முறுக்குகிறது, வண்டி அப்படியே டிராக்டர் பக்கத்தில் தொங்குகிறது. வேனுக்குப் பின்னால் பஸ். நான் வாய்விட்டு எண்ணினேன் என்று நினைக்கிறேன். அவர் பஸ்ஸுக்கு முன்னால் அப்படியே குறுக்கே வெட்டி வலது ஓரத்து மணலில் இறங்கினார். ஈர மணல். வண்டி சாய்ந்து கால் மேல்.

டிராக்டர்காரரும் நானும் வண்டியைத் தூக்கினோம். முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் பேச்சு தெளிவு.

"நைனா. திரையப் பாரு."

பார்த்தேன். எஞ்சின் நின்றிருந்தது, சாவி போட்டபடி. சொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"கோட்டுல போடு. நானே மாத்திட்டேன்னு சொல்லிக்கிறேன். ஒரு நாளு தப்போட பூடும். சீக்கிரம், அந்தம்மா வந்துகினு கீறாங்க."

"அண்ணா, மொதல்ல காலு..."

"காலு கெடக்குது. அமுக்கு."

சொட்டிலிருந்து நேராகக் கோட்டுக்கு வராது. முதல் அமுக்கில் மேடு, அடுத்த அமுக்கில்தான் கோடு. தூக்கும்போது கை பட்டுவிட்டது என்று ஒரு அமுக்குக்குச் சாக்கு சொல்லலாம். இரண்டு அமுக்குக்கு முடியாது. நான் இரண்டு தடவை அமுக்கினேன்.

மேடம் வந்து இறங்கினார். முதலில் க. கால். ஆம்புலன்ஸுக்குப் போன். பிறகு திரை. குனிந்து பார்த்தார். கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"மாத்திட்டீங்களா?" குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"மன்னிச்சிருங்க மேடம். டிராக்டரத் தாண்டலாம்னு" என்றார் க. கண்ணை மூடிக்கொண்டு.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நவம்பர் 12. வியாழன்

மழை இல்லை. வெயில்கூட. எரிச்சலாக இருந்தது.

க. ஆஸ்பத்திரியில். இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கம்பி வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி, எனக்கு அண்ணி, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்ததால தான் தம்பி அவரு பொழச்சாரு" என்றார். நான் எதற்குப் பக்கத்தில் இருந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

மதியம் மேடம் தன் ரிப்போர்ட்டைக் காட்டினார். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள் என்று, மரியாதையாக. இங்கிலீஷ். எனக்குப் புரிந்தது இது:

மழை மோடில் மூன்று மாதம் ஒரு புகாரும் இல்லை. அனுபவமுள்ள ஓட்டுநர் ஈரச் சாலையில் ரோடு மோடுக்கு மாற்றியதும் விழுந்துவிட்டார். படம் இணைப்பு. ஆகவே சாவி போட்டதும் மழை மோடுதான் வர வேண்டும். ஓடும்போது மோடை மாற்ற முடியாதபடி பட்டனைப் பூட்டிவிட வேண்டும்.

கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். பூட்டிவிட வேண்டும்.

"நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது ஆண்டனி. பாவம் அவருக்கு அடி. ஆனா இது எத்தனை பேரைக் காப்பாத்தும் பாருங்க."

தலையாட்டினேன். வெளியே வந்து குழாயடியில் நின்றேன்.  பயம்தான், வேறு பெயர் வைக்க வேண்டாம். நான் அமுக்கிய இரண்டு அமுக்கு அந்த ரிப்போர்ட்டுக்குச் சாட்சியாகிவிட்டது. அவர் விழுந்ததே சொட்டால். அதையே எல்லார் தலையிலும் கட்டி, தப்பிக்கிற கதவையும் அடைக்கப்போகிறார்கள். முந்தாநாள் சொல்லியிருந்தால் தாள் மட்டும்தான் பொய். இப்போது படமும் பொய்.

ஸ்டெல்லாவிடம் பட்டனைப் பற்றி இன்றுதான் சொன்னேன்.  ஜெனியின் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அமுக்குனது நீங்களா, அவரா?"

"நான்."

"அப்போ நீங்க தான் சொல்லணும். அவரு படுத்துகினு கீறாரு."

காஸ் புக் ஆகிவிட்டது. அவளே பண்ணிவிட்டாள்.

நவம்பர் 13. வெள்ளி

தூறல்.

ஒன்பதே காலுக்கு மேடம் அறை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன். பட்டன், தாள்கள், பைபாஸ் பாலம், கூவத்தூர், செத்த இடம், எல்லாம் தலைகீழ் வரிசையில். நடுவில் தமிழும் வரவில்லை.

கத்துவார் என்று நினைத்தேன். அலமாரியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார்.

"காட்டுங்க."

இரண்டாம் நம்பர் வண்டி. பின்னால் அவர். சர்வீஸ் ரோட்டில் சொட்டில் ஐம்பதுக்குப் போய், முழுக்க விட்டு, முறுக்கினேன். ஒழுங்காக இழுத்தது. என்ன கர்மம். இரண்டாம் தடவையும் ஒழுங்கு. பொய் சொல்கிறேன் என்று நினைக்கப்போகிறார் என்று வியர்த்துவிட்டது. இதற்குக்கூடவா ஒத்துழைக்காது இந்தச் சனியன்.

மூன்றாம் தடவை வந்தது. முறுக்கிய கை தெரியும்படி முழங்கையை விலக்கிக் காட்டினேன், பாருங்கள் முறுக்கித்தான் வைத்திருக்கிறேன் என்று. பின்னாலிருந்து காரின் ஹாரன். மேடத்தின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது. பிறகு இழுத்தது.

ஷெட்டில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே கேட்டார்.

"உங்க தாள்ல எது நிஜம்?"

"இந்த வாரம் எய்தினதுல மோடு நெஜம் மேடம். புகார் இல்லன்னு எய்தினது பொய்."

"எவ்வளவு நேரம்? நீங்க எண்ணினது."

"ரெண்டு."

"அவரோட தாள்?"

"அவரைத்தான் கேக்கணும்."

"நான் பாஸ் பண்ணி அனுப்பின தாளெல்லாம் அது, ஆண்டனி. என் கையெழுத்து." குரல் கேட்கவே இல்லை, உதடு பார்த்துத்தான் புரிந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் பற்றி நான் ஒரு நிமிஷமும் நினைத்திருக்கவில்லை.

பதினோரு மணி மீட்டிங் நடக்கவில்லை. மூன்று மணிக்கு முதலாளி கூப்பிட்டார். ஐ.டி. கார்டு, லாக்கர் சாவி, பூட்ஸ், எல்லாம் ஒப்படைத்தாயிற்று. பூட்ஸ் இன்னும் ஈரம். வாங்கிக்கொண்டவர் மூக்கைப் பிடித்தார்.

பஸ்ஸில் வீட்டுக்கு. எட்டு மாதத்துக்குப் பிறகு பஸ். ஜன்னல் சீட் கிடைத்தது. அழுகை வந்தது, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 14. சனி

மேகம், மழை இல்லை. காலையில் ஸ்டெல்லா தோசை ஊற்றினாள். வேலை பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. இரண்டாவது தோசையில் முட்டை இருந்தது.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. க. தலைமாட்டில் சாத்துக்குடி, மடித்த லுங்கி. அண்ணி வெந்நீர் பிடிக்கப் போனார்.

"சொல்ட்டியா?"

"சொல்ட்டேன்."

"பட்டன?"

"அத்தையும்."

"வேல?"

"போய்ட்ச்சு. நீங்க எழுந்து வந்ததும் ஒங்களக் கூப்ட்டுப் பேசுவாங்களாம்."

ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பிக் கேட்க நான்கு வார்த்தை தயாராக வைத்திருந்தேன்.

"எத்தினி எண்ணலாம்னு சொன்ன?"

"ரெண்டு."

"ரெண்டு இல்ல. மூணு. அப்போ அப்போ மூணுக்கு மேலயும் போவும். ஆகஸ்ட்டுலயே எண்ணிட்டேன்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

"தெரியுமா ஒங்களுக்கு?"

"மொத நாளே தெரிஞ்சிச்சி. எய்தினா பிராஜெக்ட் நின்னு பூடும், அதான் எய்தாம ஒன்னக் கோட்டுல போட்டுகினு போன்னேன். சாப்பாட்டு நேரம்னு சொன்னா நீ கேட்டுக்குவ." கண்ணீர் காதுக்குள் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை. "சின்னப் புள்ள கீது ஒனுக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் எழுந்து நிற்கிற நிலையில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். என்னைக் காப்பாற்றிவிட்டு மற்றவர்களுக்கெல்லாம் "புகார்: இல்லை" எழுதியிருக்கிறார். என்னையும் எழுத வைத்திருக்கிறார்.  கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அண்ணி வந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி வெளியே போய்விட்டார்.

வெந்நீர் ஆறியதும் டம்ளரை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"போனு கீதா?" என்றார்.

"இருக்கு."

"அந்தம்மாவுக்குப் போடு. ரெண்டுன்னு எய்திடப் போறாங்க."

போட்டு அவர் காதில் வைத்தேன்.